மாவுக்கட்டு பிரித்த பிறகு: பிசியோதெரபி உள்ளே என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், கையில் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஓர் உச்சவரம்புக்குள் அரசே ஏற்கிறது. பெருங்களத்தூர் பக்கமோ பூந்தமல்லி பக்கமோ வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவர் இன்று உயிரோடு வீடு திரும்புகிறார் என்றால், இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு அதில் பங்கு உண்டு. 108 வருகிறது, ரத்தம் ஏற்றுகிறார்கள், தொடை எலும்புக்குள் கம்பி போகிறது, கணுக்காலில் பிளேட் வைத்துத் தைக்கிறார்கள்.

அதற்குப் பின் வரும் நான்கைந்து மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அவர் மறுபடி பஸ் படியில் கால் வைப்பாரா, லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறுவாரா, கொத்து வேலைக்குப் போவாரா என்பதெல்லாம் அந்த மாதங்களில்தான் முடிவாகின்றன. ஆபரேஷனுக்காக நகையை அடகு வைக்கிற அதே குடும்பம், பிசியோதெரபிக்கு நாலு நாள் போய்விட்டு நிறுத்திவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சிகிச்சை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் தெரியாதது

மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்த ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து உடைவது. ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம் மிக அதிகமாகப் பார்க்கும் முறிவுகளில் இதுவும் ஒன்று. கட்டைப் பிரித்ததும் தோல் செதில் செதிலாக உரிகிறது. முன்கை சூம்பியிருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு “எலும்பு நல்லா கூடிடுச்சும்மா” என்கிறார் டாக்டர். அன்று மாலை கோயிலில் திருநீறு வாங்கக் கையை நீட்டினால் உள்ளங்கை பாதிதான் மேலே திரும்புகிறது. மீதிக்குத் தோளைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கவளம் சிந்துகிறது. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை.

எலும்பு கூடியது உண்மைதான். ஆனால் எக்ஸ்ரே காட்டுவது எலும்பைத்தான். அசையாமல் கிடந்த ஆறு வாரத்தில் தசைக்கும் மூட்டுக்கும் மூளைக்கும் என்ன நடந்தது என்பது அந்தப் படத்தில் வராது.

தசை வேலை இல்லாமல் இருந்தால் உடம்பு அதைச் சும்மா வைத்துப் போஷிப்பதில்லை. ஓரிரு வாரத்திலேயே சுற்றளவு குறைவது கண்ணுக்குத் தெரியும். பலம் அதைவிட வேகமாக இறங்கும். இழந்ததைத் திரும்பப் பெற, இழக்க எடுத்ததைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கி விறைக்கிறது. வீக்கத்தோடு வந்த நீர் அங்கேயே தங்கினால், வழுக்கிப் போக வேண்டிய தசைநாண்கள் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்கின்றன. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது அழுந்தி, விடுபட்டு, அந்த அசைவில்தான் மூட்டுத் திரவத்திலிருந்து தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. அசைவு நின்றால் அதற்குப் பட்டினி.

எலும்புக்குக்கூடச் சுமை தேவை. எந்தத் திசையில் சுமை விழுகிறதோ அந்தத் திசைக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதினார். உடைந்த காலில் டாக்டர் குறித்துக் கொடுத்த அளவுக்கு எடையை ஊன்றச் சொல்வதற்குப் பின்னால் அந்தப் பழைய விதி இருக்கிறது. ரொம்ப நாள் பொத்திப் பொத்தி வைத்த கால் வலுவாக ஆறுவதில்லை.

1970-களில் கனடாவின் டொராண்டோவில் ராபர்ட் சால்டர் என்ற எலும்பு மருத்துவர் முயல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னொரு கதவைத் திறந்தன. அடிபட்ட மூட்டைக் கட்டி வைத்ததைவிட, மெதுவாக விடாமல் அசைத்துக்கொண்டே இருந்தபோது குருத்தெலும்பு நன்றாக ஆறியதை அவர் காட்டினார். காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின் அந்த யோசனையிலிருந்து வந்ததுதான். ஆனால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மெஷினில் காலை வைத்துப் படுத்திருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பின்னால் வந்த ஆய்வுகளில், சாதாரணமாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம் என்றே தெரிந்தது. தன் தசையால் தானே அசைப்பது வேறு.

வலி கொஞ்சம் தணிந்த பிறகு அசைக்கலாமே என்று கேட்பவர்களுக்குக் கையின் தசைநாண் சிகிச்சை நல்ல பதில். கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போன ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் சென்னையில்தான் இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி மாதிரித் தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊரில் மெஷினில் கை வெட்டுப்படுவது புதிதல்ல. விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டால், தையல் ஆறும்வரை காத்திருந்தால் அது சுற்றியுள்ள திசுவோடு ஒட்டி விரல் கட்டையாகிவிடும். அதனால் சில நாட்களிலேயே அசைவு தொடங்கிவிடும். ஒரு முறையில், புறங்கையில் வார்ப்பு வைத்து, நகத்திலிருந்து ஒரு ரப்பர் பேண்டை மணிக்கட்டுப் பக்கம் இழுத்துக் கட்டுவார்கள். நோயாளி விரலை நீட்டுவார். மடக்குவதை ரப்பர் பார்த்துக்கொள்ளும். தைத்த இடத்தில் இழுவை விழாது, ஆனால் தசைநாண் தன் குழாய்க்குள் போய் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு அசைக்க வேண்டும், எதை அசைக்கக் கூடாது என்ற கணக்குத்தான் இந்தத் தொழிலின் சாரம்.

முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டு

மூளைக்கு நடப்பதை முழங்காலில்தான் தெளிவாகப் பார்க்கலாம். அடிபட்டோ ஆபரேஷனுக்குப் பிறகோ முழங்காலில் நீர் கோத்துக்கொண்டால், தொடையின் முன்பக்கத் தசை வேலை செய்வதை நிறுத்துகிறது. தசைக்குக் காயமே இல்லை. மூட்டு வீங்கியிருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போய், தசைக்கு வரும் உத்தரவு குறைந்துபோகிறது. நல்ல முழங்காலுக்குள் கொஞ்சம் உப்பு நீரை ஊசியால் செலுத்தியே ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள்: வலியே இல்லாமல், வீக்கத்துக்காக மட்டுமே தசை ஒடுங்கியது. “காலைத் தூக்குன்னா தூக்க வரல டாக்டர், அது என் காலே இல்ல மாதிரி இருக்கு” என்று நோயாளிகள் சொல்வது கற்பனை இல்லை.

அதனால்தான் முதல் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைக்க வேண்டும். துண்டைக் கீழே நசுக்குவது போல முழங்காலை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடையை நோக்கி இழுபடும். தொடையின் உள்பக்கம், சில்லுக்குச் சற்று மேலே, தசை திரண்டு எழும். முதல் நாட்களில் எதுவும் எழாது. பிசியோதெரபிஸ்ட் அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து, “இங்கே, என் விரலைத் தள்ளுங்க” என்பார். சில நேரம் நல்ல காலில் முதலில் செய்யச் சொல்லி, அதே உணர்வை இந்தக் காலில் தேடச் சொல்வார். அணைந்துபோன இணைப்பை மூளையும் தசையும் மறுபடி கண்டுபிடிக்கிற வேலை இது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டு நடக்க ஆரம்பித்தவர்கள் படியில் இறங்கும்போது முழங்கால் மடங்கிக் கீழே விழுவதுண்டு.

மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் டிகிரிக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சமதளத்தில் நடக்க முழங்கால் 65 டிகிரி வாக்கில் மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி வேண்டும். தாழ்வான சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழ அதற்கும் மேல். குத்துக்காலிட்டு உட்கார 130-ஐத் தாண்ட வேண்டும். செயற்கை மூட்டில் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை, முயலவும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டும் அரிந்தும் துவைத்தும் பழகிய ஒருவருக்கு இது சாதாரண இழப்பு இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே இதைப் பேசி, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வசதி செய்துவைத்திருந்தால் பிறகு ஏமாற்றம் குறையும்.

எல்லோரும் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். முழங்கால் முழுதாக நிமிர்வது அதைவிட முக்கியம் என்று நான் சொல்வேன். சில டிகிரி நிமிராமல் நின்றுபோனால்கூட அந்தப் பக்கம் கால் குட்டையானது போல நடை சாயும், தொடைத்தசை ஓய்வே இல்லாமல் களைக்கும். இதற்கு வீட்டில் அன்போடு செய்யும் ஒரு காரியம் காரணமாகிவிடுகிறது: வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து இரவு முழுக்கப் படுக்க வைப்பது. சுகமாகத்தான் இருக்கும். முழங்கால் அந்த மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையால் தாழும்படி விட வேண்டும்.

கரண்ட் வைப்பது

சென்னையில் பிசியோதெரபிக்குப் போய் வந்தவரிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், “கரண்ட் வச்சாங்க, ஒத்தடம் கொடுத்தாங்க” என்பதுதான் பெரும்பாலும் பதில். ஈரப் பஞ்சு ஒட்டிய தகடுகள், சுள்சுள்ளென்று ஒரு உணர்வு, இருபது நிமிடம், பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். கண்ணை மூடிப் படுத்திருக்கலாம். முடிந்ததும் வலி கொஞ்சம் விட்டது போல இருக்கும்.

இதைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இந்த மெஷின்கள் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். தணிந்த அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. அவை தசையை வளர்ப்பதில்லை, மூட்டை நிமிர்த்துவதில்லை, நடையைத் திருத்துவதில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2016-ல் கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், அல்ட்ராசவுண்டும் மின்தூண்டல் முறைகளும் இழுவைச் சிகிச்சையும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டு, உடற்பயிற்சியை முன்னிறுத்தியது. ஒரு கிளினிக்கில் பத்து நாளும் படுத்தபடியே மெஷினோடு போய், ஒரு பயிற்சிகூடக் கற்றுத் தராமல் அனுப்புகிறார்கள் என்றால், வேறு இடம் பார்ப்பதில் தவறே இல்லை. நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே உங்களை நிற்க வைத்து, நடக்க வைத்து, அளந்து, வீட்டில் என்ன வேலை, என்ன தொழில் என்று கேட்பார்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கும் எல்லை உண்டு. பிடித்துக்கொண்ட தசைக்கு அது இதம். அடிபட்ட முழங்கைக்கு ஆகாது. முழங்கை உடைந்தோ பிசகியோ இருக்கும்போது அழுத்தி உருவினாலும் பலவந்தமாக மடக்கினாலும், சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி வளர்ந்தால் கை ஒரே கோணத்தில் பூட்டிக்கொள்ளும். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்கு இங்கே தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை இருக்கிறது, பெயர்ப் பலகைகள் தெருவுக்குத் தெரு தெரிகின்றன. யாருடைய நம்பிக்கையையும் நான் கேலி செய்ய மாட்டேன். குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு மட்டும், எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் இறுக்கிக் கட்ட விடாதீர்கள். வீக்கத்தின் மேல் கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று முன்கைத் தசை செத்துப்போகும்; விரல்கள் நிரந்தரமாகக் கொக்கி போல வளைந்துவிடும். கட்டின பிறகு குழந்தை வலி தாங்காமல் அழுதாலோ, விரல் நீலமாகவோ மரத்தோ போனாலோ, அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வலியை எவ்வளவு தாங்குவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வலியே கூடாது என்பதும் தப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு செய் என்பதும் தப்பு. பலரும் பின்பற்றும் ஓர் அளவு இருக்கிறது: பத்துக்கு மூன்று நான்கு என்று சொல்லத்தக்க வலி பயிற்சியின்போது வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அந்த அளவு சரி. இரவெல்லாம் துடித்து, மறுநாள் மூட்டு இன்னும் வீங்கியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். குறைத்துக்கொண்டு தொடர வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தையலில் சீழ் கண்டு காய்ச்சல் அடித்தாலோ, முதுகு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, அது பயிற்சி வலி இல்லை. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசரம்.

தோளுக்கு மட்டும் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் மூட்டு தானாகவே இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-ல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல், பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அது விலக ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகலாம். சுவரில் விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பது பழைய முறை. நாள்தோறும் தெரியாத முன்னேற்றம் மாதக் கடைசியில் சுவரில் தெரியும்.

அவசரப்படுகிறவர்கள், அசையவிடாதவர்கள்

இளைஞர்களின் சிக்கல் நேர் எதிரானது. கால்பந்திலோ கபடியிலோ முழங்கால் திருகி, மூட்டுக்குள் இரண்டு எலும்புகளையும் கட்டிப் பிடிக்கும் ஏ.சி.எல். சவ்வு கிழிந்து, வேறு இடத்துத் தசைநாணை எடுத்து வைத்துத் தைத்திருப்பார்கள். மூன்றாவது மாதத்தில் வலி இல்லை, வீக்கம் இல்லை, மெதுவாக ஓடக்கூட முடிகிறது. வியாசர்பாடியில் பசங்க மேட்ச் ஆடக் கூப்பிடுகிறார்கள். உள்ளே வைத்த அந்தத் தசைநாண் அந்த நேரத்தில் நட்ட நாற்று மாதிரி. பச்சையாக நிற்கும், வேர் பிடித்திருக்காது. புது ரத்தக் குழாய் உள்ளே புகுந்து, பழைய செல்கள் போய்ப் புதியவை வந்து, அது உண்மையான சவ்வாக மாறப் பல மாதங்கள் வேண்டும். முதல் சில மாதங்களில் அது வைத்த அன்றைவிடப் பலம் குறைந்தே இருக்கும். 2016-ல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், ஒன்பது மாதம் வரை களம் இறங்குவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாள் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவி இறங்குவது, தொடை பலம் இரண்டையும் நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நல்ல பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுப்பார்.

சாதாரணக் கணுக்கால் சுளுக்கில்கூட, வலி போனதும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தோண்டிப் போட்ட நடைபாதையில் கால் மடங்கினால், சவ்வோடு சேர்ந்து அதிலிருக்கும் உணர்வு நரம்பு முனைகளும் அடிபடுகின்றன. பாதம் சாய்வதை மூளைக்குச் சொல்லும் செய்தி தாமதமாகிறது, திரும்பத் திரும்ப அதே கால் மடங்குகிறது. வீக்கம் வடிந்த பிறகு, பல் துலக்கும் நேரத்தில் பக்கத்துச் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகுவதற்குக் காசு செலவில்லை.

வயதானவர்களிடம் தொந்தரவு அவசரம் அல்ல, பயம். அவர்களுடைய பயம் பாதி, வீட்டாருடையது மீதி. இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன மறுநாளே எழுந்து நிற்க வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நடைமுறை. “நேத்துதான் ஆபரேஷன் ஆச்சு, பாவம் படுத்திருக்கட்டுமே சார்” என்று மகள் கண் கலங்குவார். படுத்தே இருந்தால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். எலும்பு முறிவால் இறக்காதவர்கள் இவற்றால் இறக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக் கட்டிலை ஒட்டி நான்கு எட்டு வைப்பது அன்றைக்கு மருந்து மாத்திரைக்குச் சமம். அந்த வலியில் தாத்தா பிசியோதெரபிஸ்ட்டைத் திட்டினால், குடும்பம் யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வாரம் போகும்.

படிக்கட்டுக்கு ஒரு விதி இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், கைத்தடியும் அதோடு சேர்ந்து. கைத்தடியைப் பிடிக்க வேண்டியது நல்ல காலின் பக்கம் இருக்கும் கையில். பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அப்போது எடை குறைவதற்குப் பதில் அந்தப் பக்கமே சாய்கிறது.

பக்கவாதம் தனி உலகம். அங்கே தசை கெடவில்லை, மூளையில் ஒரு பகுதி செத்திருக்கிறது. மற்ற பகுதிகள் புதிய தொடர்புகளை உண்டாக்கிக்கொண்டு அந்த வேலையை ஓரளவு ஏற்கும் திறன் மூளைக்கு இருக்கிறது. ஆனால் எது திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறதோ அதைத்தான் அது கற்கும். முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகும். நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தான் போடுவது என்று உண்மையான வேலையைச் செய்யப் பழக்கினால் வெறுமனே கையை ஆட்டுவதைவிடப் பலன் அதிகம். பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இறுகிப்போன கைக்கு மூடுவதில் சிரமமில்லை, திறப்பதில்தான் சிரமம். எனவே பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் பந்து வேண்டாம். இன்னொன்றும் உண்டு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் எழுப்பாதீர்கள். பிடிமானம் இல்லாத தோள் மூட்டு கீழிறங்கி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பில் கை கொடுத்து எழுப்ப வேண்டும்.

எங்கே போவது, எதைக் கேட்பது

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, 1966-ல் வேலூரில் நாட்டின் முன்னோடி மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆபரேஷன் முடிந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்குமுன், அவர் தன் வாழ்க்கையை எப்படி நடத்தப் போகிறார் என்று கேட்கிற மருத்துவம் நம் ஊருக்கு இரவல் இல்லை என்று சொல்ல இந்த ஒரு பெயர் போதும்.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால், தாங்கு கருவிகளுக்கும் அங்கே போகலாம். பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஒரு மையம் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலி, செயற்கை முழங்கால் என்று நம் தரைக்கும் நம் பணத்துக்கும் ஏற்ற கருவிகளை உருவாக்கி வருகிறது.

கிளினிக் வரை போக முடியாதவர்களுக்காக, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது தெரிந்த பலருக்கு இது தெரிவதில்லை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கேட்கலாம். ஆட்டோ பிடித்து, படி இறக்கி, ஆள் துணையோடு கிளினிக் போய் வருவதே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடுகிற வீடுகளுக்கு இந்த வசதி இருக்கிற சிகிச்சையை எட்டுகிற சிகிச்சையாக்குகிறது.

தனியாரிடம் போனால் படிப்பைக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். பி.பி.டி. என்பது மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் படிக்கும் பட்டப்படிப்பு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் இந்தத் தொழில் ஒழுங்குமுறைக்குள் வந்திருக்கிறது. ஆறு மாத மசாஜ் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு முதுகெலும்பில் ‘டக்’ என்று சத்தம் வரவைக்கிறவரிடம் ஆபரேஷன் செய்த முழங்காலைக் கொடுக்க வேண்டாம்.

செலவு பெரிய தடை என்பது உண்மை. ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய் என்றாலும் இரண்டு மூன்று மாதம் என்னும்போது கனக்கிறது. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த சிகிச்சைக்குத்தான். ஆனால் பல பாலிசிகளில் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு 60 அல்லது 90 நாள் செலவு என்று ஒரு பிரிவு இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபிக்கு அதில் பணம் கேட்க முடியுமா என்று பாலிசியைப் பாருங்கள். சீட்டையும் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பணம் குறைவென்றால், தினமும் போவதைவிட வாரம் ஒருமுறை போய்ப் புதுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டில் சரியாகச் செய்வது பலருக்குப் போதும். உங்கள் செல்போனிலேயே பிசியோதெரபிஸ்ட்டைச் செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டால் எண்ணிக்கையும் கோணமும் மறக்காது.

டிஸ்சார்ஜ் அன்று பில், ஆம்புலன்ஸ், மாத்திரை என்று பரபரப்பில் கேட்க விட்டுப்போகிற சில விஷயங்களை மட்டும் விடாமல் கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். அடிபட்ட காலில் எடை ஊன்றலாமா, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து. எந்த அசைவு கூடாது. பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும், இன்றா, இரண்டு வாரம் கழித்தா. வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள்: ஆட்டோ ஓட்டுகிறேன், பூ கட்டுகிறேன், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன். ஆட்டோ ஓட்டுபவருக்கு பிரேக்கை மிதிக்கும் வலது காலும், பூ கட்டுபவருக்கு நாரைச் சுண்டும் கட்டைவிரலும் மூன்று மாதத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு தொடங்கும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால், அவரை விடாதீர்கள்.